நாலாவது டிராயர்

"நட்டநடுவுல வந்து நிக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

சங்கரேஸ்வரி அன்று வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். பேசியது ஓர் இரும்புப் பெட்டியிடம். நாலு டிராயர் வைத்த பழைய ஃபைல் கேபினட் அது. மூன்றாவது டிராயரை அவள் இழுக்க, பாதி தூரம் ஒழுங்கு மரியாதையாக வந்தது. அப்புறம் இடப்பக்கம் சாய்ந்து, முரண்டு பிடிக்கிற மாடு மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. முட்டியைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே எதுவோ டணக்கென்று விழுந்து உருண்டது. கையை விட்டுத் துழாவி எடுத்தால், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வீல் ஒன்று. விளிம்பு தேய்ந்து, நடுத் துளை கோணலாகி, இனி எதற்கும் ஆகாது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. மற்ற மூன்று டிராயர்களும் யோக்கியம் என்றில்லை. ஒன்று கிறீச்சிடும், ஒன்று இறங்கும், அடியில் இருப்பதைத் திறக்கத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டும்.

துறை எது என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். தென்காசி தனி மாவட்டமான பிறகு புதுக் கட்டடம் கண்ட எத்தனையோ அலுவலகங்களில் அதுவும் ஒன்று. முதலில் அதிகாரிகள் போனார்கள், பிறகு கம்ப்யூட்டர்கள், பிறகு மற்றவர்கள். சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது மாட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளுப்பு மட்டும் மிச்சம். அடுக்குகளில் இருந்த காகிதங்களை ஸ்கேன் செய்து முடித்தாயிற்று. கேபினட்டில் உள்ளவை மட்டும் அசலாகவே இருந்தாக வேண்டியவை. அவற்றுக்கு ஒரு வழி பிறக்கும்வரை பழைய கட்டடத்தில் யாராவது இருக்கட்டும் என்றார்கள். யாராவது என்றால் வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாதவர் என்று பொருள். சங்கரேஸ்வரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்கள்கூடக் கேட்டு ஓய்ந்து பல வருடம் ஆகிவிட்டது. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. ஆகவே அவளும் அந்தக் கேபினட்டும் அந்தப் பெரிய ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பங்குனி பிறந்ததும் சூப்பிரண்டு மந்திரமூர்த்தி வந்தான். அவளைவிட ரொம்பச் சின்னவன், மரியாதை தெரிந்தவன்.

"அக்கா, ரூல் இதான். நாலு டிராயரும் ஓடி, பூட்டவும் செஞ்சா கேபினட்டு புதுக் கட்டடத்துக்கு வரும். அதோட நீங்களும் வந்திருவிய. ஒரு டிராயரு ஓடலேன்னாலும் கண்டம்னு எழுதித் தள்ளிருவாவ. ஃபைலை எல்லாம் மூட்டை கட்டி ஆலங்குளம் குடோனுக்கு ஏத்திருவாவ. குடோனுக்கும் ஒரு ஆளு வேணும்லா."

"யாரு ஆளு?"

அவன் ஃபோனை எடுத்துப் பார்த்தான். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"சித்திரைக் கடைசில இன்ஸ்பெக்சன். அதுக்குள்ள சரி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே சுகிர்தம் ஃபோன் பண்ணினாள். பக்கத்து மேசையில் இருந்தவள். இத்தனை வருடமும் மதியச் சாப்பாட்டை இருவரும் பாதிப் பாதி மாற்றிக்கொண்டு தின்றவர்கள். "ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி பிடிச்சு வச்சிருக்கேன்க்கா. யாரு வந்து கேட்டாலும் எங்க அக்காவுக்குன்னு சொல்லுதேன். சீக்கிரம் வாங்க" என்றாள். அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டே சங்கரேஸ்வரி அன்று சாப்பிட்டாள். தனியாகச் சாப்பிடும்போது சோறு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதை அவள் இந்த ஒரு வருடத்தில்தான் கண்டுபிடித்திருந்தாள்.

ரத வீதிக்குப் பின்னால் ஸ்டீல் சாமான் கடை வைத்திருக்கும் பேச்சிராஜ் டார்ச்சோடு வந்து பார்த்தான். டிராயர்களைக் கழற்றித் தரையில் வைத்து, அவை ஓடுகிற சேனலுக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினான். காரைக் கட்டி மாதிரி ஒன்று பெயர்ந்து விழுந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"மேடம், இது சந்தனம்லா?"

சந்தனம்தான். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் பெட்டிக்கு வெளியே மூன்று விரலால் பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். சங்கரேஸ்வரிக்கு அது போதாது. ஓடுகிற இடம்தானே முக்கியம் என்று ஒவ்வொரு டிராயரையும் இழுத்து, உள்ளே சேனலுக்கும் வீலுக்கும் சந்தனம் குழைத்துப் பூசி, கையோடு ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயும் விடுவாள். பொரியும் கடலையும் அள்ளித் தூவும்போது பாதி உள்ளே போகும். எண்ணெய் பிசினாகி, பொரி மாவாகி, சந்தனம் கல்லாகி, வீல் சுற்றாமல் தேய்ந்து, தேய்ந்து போயிருக்கிறது. போன வருடம் ஹாலில் அவள் மட்டும் இருந்தபோதுகூட ஒருத்திக்கென்று கால் படி பொரி வாங்கி வந்து தவறாமல் செய்தாள்.

"வருசா வருசம் பூசை போட்டே கொன்னுட்டியளே" என்றான் பேச்சிராஜ். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அலுவலகத்தில் வேறு யார் என்ன கெடுத்திருந்தாலும், இந்தப் பெட்டியை நன்றாக வைத்திருந்தது தான்தான் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேச்சிராஜ் மதுரைக்கு ஃபோன் போட்டுக் கேட்டான், இல்லை. பீரோ வீல் பொருந்தவில்லை. லேத்காரன் எட்டு வீலுக்காக மெஷினை ஓட்ட முடியாது என்று கையை விரித்தான். எதிர்வீட்டுப் பெண்ணைக் கொண்டு ஆன்லைனில் தேடி வரவழைத்தால், சமையலறை டிராயருக்கு மாட்டுகிற ஏதோ ஒன்று பளபளவென்று வந்து இறங்கியது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் புளியங்குடிக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் தேடினாள். எலுமிச்சை மூட்டை ஏற்றுகிற லாரிகளுக்கு நடுவே, துருவில் கையைவிட்டுச் சேலையெல்லாம் கறையானதுதான் மிச்சம். அவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று சிவகிரிக்கு அண்ணன் வீட்டுக்கும் போனாள். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு, மைனி?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். ஆனால் வந்து உட்கார்ந்து காப்பியில் வாயே வைக்காத ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா அது?

கடைசியில் பேச்சிராஜுக்கே ஞாபகம் வந்தது. "மேடம், இதே லாட்டுல ஒண்ணு முன்ன ஏலத்துல போச்சு. நாந்தான் வண்டில ஏத்தி விட்டேன். குத்தாலத்துல ஐந்தருவி போற ரோட்டுல, பச்சைக் கேட்டு போட்ட லாட்ஜு. அங்கன போயிக் கேட்டுப் பாருங்க."

குற்றாலம் சீசனில் ஒரு முகம், மற்ற நாளில் வேறு முகம். சாரல் காலத்தில் காலை வைக்க இடம் இருக்காது. பங்குனியில் பேரருவி பாறையின் மேல் ஈரக்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, அதில் குளிக்கவும் யாரோ இரண்டு பேர் சொம்போடு நின்றிருந்தார்கள். சிப்ஸ் கடைகள், எண்ணெய்க் கடைகள் எல்லாம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. குரங்குகள் அவள் கைப்பையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறாது என்று திரும்பிக்கொண்டன. பச்சைக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் முக்காடு போட்ட அம்மாள் ஒருத்தி, அறுபது வயதிருக்கும், ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரூமெல்லாம் அடச்சிருக்கும்மா. இனி ஆனில வாங்க."

"ரூமுக்கு வரல்ல. உங்க கேபினட்டப் பாக்கணும்."

அந்த அம்மாள் ரேடியோவை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "குத்தாலத்துக்கு அருவி பாக்க வருவாவ, தேன் வாங்க வருவாவ. கேபினட்டுப் பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்."

அவள் பெயர் ராபியா. புருஷன் காலமான பிறகு லாட்ஜ் அவள் பொறுப்பு. மகன்கள் கடையநல்லூரில் இருந்தார்கள். சீசனுக்கு மட்டும் ஆட்களோடு வந்து இறங்குவார்கள், கல்லாப் பெட்டியும் அவர்களோடு வந்து அவர்களோடு போகும். மற்ற மாதங்களில் பூட்டிய அறைகளுக்குக் காவலாக அவள் மட்டும் கீழ் அறையில் இருந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே நின்றது அந்தக் கேபினட். அதே சாம்பல் கலந்த பச்சை, அதே கைப்பிடி. அலுவலகத்தில் ஒட்டிய சீட்டுகளைக்கூட யாரும் கிழிக்கவில்லை. 'நிலுவை' என்று எழுதிய டிராயரை சங்கரேஸ்வரி இழுத்தாள். வெண்ணெய்போல ஓடி வந்தது. உள்ளே தங்கிவிட்டுப் போனவர்கள் மறந்து வைத்த சாமான்கள். துண்டுகள், மூக்குக் கண்ணாடிகள், குழந்தைகளின் தண்ணீர் பாட்டில்கள். 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்ற டிராயரில் முழுக்க ஒற்றைச் செருப்புகள். அவளுக்கு அந்தப் பெட்டியின்மேல் பொறாமையாக இருந்தது. எப்படி இத்தனை வருடமும் இது இப்படி இருக்கிறது என்று கேட்டு, சித்திரைக் கடைசியில் இன்ஸ்பெக்சன், தவறினால் ஆலங்குளம் என்பதோடு தன்னுடைய சந்தனக் கதையையும் மறைக்காமல் சொன்னாள். ராபியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இங்கன அதுக்குப் பொட்டு வைக்க ஆளில்ல மேடம். அதான் தப்பிச்சுட்டு."

வீல்களைத் தருவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. "எங்களுக்கு இது ஓடினா என்ன, ஓடாட்டி என்ன. கழட்டிக்கிடுங்க" என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். டிராயரை மொத்தமாகக் கவிழ்க்கக் கூடாது. உள்ளே இருப்பதெல்லாம் ஆட்களுடைய சாமான். நாளைக்கே யாராவது வந்து கேட்டால் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, டிரங்குப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். "ஒரு நாளைக்கு ஒரு டிராயரு. அதுக்கு மேல என் இடுப்பு தாங்காது" என்றாள். இதுவரை யாராவது வந்து கேட்டிருக்கிறார்களா என்று சங்கரேஸ்வரி கேட்டாள். ராபியா யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. முதல் டிராயரை முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. வீல் கழற்றுவது சின்ன வேலை, நாலு திருகாணிதான். சாமான்தான் முடியவில்லை. ஒரு பல்செட் வந்தது. அதை விட்டுவிட்டுப் போனவர் ஊர் போய்ச் சேரும்வரை என்ன தின்றிருப்பார், வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பார் என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். ஒரு பட்டு ரவிக்கை வந்தது. புதுசு, பின்கொக்கி மாற்றித் தைத்தது. கல்யாணம் ஆன கையோடு வந்த பெண்ணாக இருக்கும் என்றாள் ராபியா. இல்லை, அது அந்தப் பெண்ணின் அம்மாவுடையது, கையின் அளவைப் பாருங்கள் என்றாள் சங்கரேஸ்வரி. "அட, ஆமா. கூடவே வந்துட்டா போலுக்கு" என்று ராபியா சொல்ல, சங்கரேஸ்வரி சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. தன் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது அவளுக்கு.

இடையில் ராபியா சாயா போடுவாள். செங்கோட்டைப் பக்கம் பிறந்தவள், டீ என்று சொல்ல வராது. அடுத்த வாரம் சங்கரேஸ்வரி எள்ளுருண்டை பிடித்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரம் ராபியா இடியாப்பம் அவித்து வைத்திருந்தாள். அந்த ஞாயிறு வீலைப் பற்றிய பேச்சே மதியத்துக்கு மேல்தான் வந்தது. நடுவில் ஒரு வாரம் ராபியாவுக்கு இடுப்பு வலி, டிராயரைத் தொடவே இல்லை. சங்கரேஸ்வரி தைலம் தேய்த்துவிட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அன்று வேலை எதுவும் நடக்காமலே பஸ்ஸில் வந்தபோது, வீணாய்ப் போன நாளாக அது அவளுக்குத் தோன்றவில்லை. 'மேடம்' எப்போது 'சங்கரி' ஆனது என்று இருவருக்குமே தெரியாது. அலுவலகத்தில் அவள் எல்லோருக்கும் அக்கா, குடியிருக்கும் காம்பவுண்டில் ஆபீஸக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் வந்ததும் அவளுக்கு மறுபடியும் ஒரு பேர் இருப்பதாகத் தோன்றியது. திங்கள் முதல் சனி வரை கண்ணில் பட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கென்று எடுத்து வைத்தாள். பஸ்ஸில் இரண்டு பேர் சண்டை போட்டால்கூட, கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

கழற்றிய வீல்களைத் திங்கட்கிழமைகளில் தன் கேபினட்டில் மாட்டினாள். சேனலை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள், சந்தனத்தைக் கத்தியால் சுரண்டினாள். ஒன்று ஓடியது, இரண்டு ஓடியது, மூன்றும் ஓடியது. மிச்சம் அடி டிராயர் ஒன்றுதான். சுகிர்தத்துக்கு ஃபோன் பண்ணி, "நாற்காலிய விட்டுராத" என்று சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் மந்திரமூர்த்தி கூப்பிட்டான். மேலதிகாரி பயணத்தை முன்னால் தள்ளிவிட்டார், மாதக் கடைசி இல்லை, வருகிற செவ்வாய்க்கிழமையே இன்ஸ்பெக்‌ஷன். பரவாயில்லை, நாளைக்கு ஞாயிறுதானே என்று சங்கரேஸ்வரி நினைத்தாள். மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை விஷயத்தை உள்ளே நுழைந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

ராபியா முந்திக்கொண்டாள். சாயாவைக் கொண்டுவந்து வைத்து, அதில் இல்லாத தூசியை விரலால் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"கடைசி டிராயரு பூட்டிக்கிட்டு, சங்கரி. சாவியக் காணும். எங்கன வச்சேன்னு தெரியல்ல. தேடி வைக்கேன், அடுத்த ஞாயித்துக்கெழம கழட்டிக்கிடலாம்."

சங்கரேஸ்வரி கேபினட்டைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெட்டிக்குப் பூட்டு ஒன்றே ஒன்றுதான், மேல் மூலையில். அதை அமுக்கினால் பின்னால் ஒரு கம்பி இறங்கி நாலு டிராயரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் பூட்ட யாராலும் முடியாது. மேல் மூன்று டிராயர்களும் வீல் இல்லாமல் வெளியே சுவரில் சாய்ந்திருந்தன. பூட்டு அமுக்கப்படாமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். இந்தப் பெட்டியோடு அரை ஆயுளைக் கழித்த ஒருத்தியிடம் போய் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டாள் ராபியா.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறாளே என்று சுறுசுறுவென்று ஏறியது. செவ்வாய்க்கிழமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி அந்த நிமிஷமே கிடைத்துவிடும். சொல்ல வாயைத் திறந்தாள். ராபியா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரலை இன்னும் டம்ளரின் விளிம்பில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தன்னை அனுப்பிவிடுவதற்குக் காரணம் தேடிய ஆட்களைத்தான் சங்கரேஸ்வரி வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் தேடியிருக்கிறார்கள், அண்ணி தேடியிருக்கிறாள், அலுவலகம் தேடியிருக்கிறது. தன்னைத் திரும்ப வரவைக்க ஒரு காரணத்தைத் தேடி, அது கிடைக்காமல் இப்படி அரைகுறையாக ஒன்றைச் செய்துகொண்டு நிற்கிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"மெதுவாத் தேடுங்கக்கா. அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள்.

சாயாவில் சர்க்கரை போட மறந்திருந்தது. இருவரும் அதைச் சொல்லாமலே குடித்தார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் அவள் தன்னைத்தானே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டாள். மூளை கெட்டவளே, ஜன்னல் ஓர நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறாயே, யார் வந்து உன்னை ஆலங்குளத்தில் பார்க்கப் போகிறார்கள்? திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய்க் கேட்டால் என்ன என்றும் யோசித்தாள். போய் நின்றால், நீ சொன்னது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். மறுபடியும் அந்த விரல் ஞாபகம் வந்தது. லீவு போடவில்லை. திங்கள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தும், மெழுகுவர்த்தியைத் தேய்த்தும் அடி டிராயரோடு மல்லுக்கு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை மேலதிகாரி வந்தார். முதல் டிராயரை இழுத்தார், ஓடியது. இரண்டாவதும் மூன்றாவதும் அவர் விரல் பட்டதும் வந்தன. "பரவாயில்லையே" என்றார். நாலாவது, அட்டையையும் கிழித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தரையில் இறங்கியது. அவர் மந்திரமூர்த்தியைப் பார்த்தார். மந்திரமூர்த்தி சங்கரேஸ்வரியைப் பார்த்தான்.

"மூணை மாத்துன நீங்க இதையும் மாத்திருக்கலாம்லாக்கா?" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டான்.

"வீல் கெடைக்கல்ல, தம்பி."

சிவப்புச் சாக்கட்டியால் பெட்டியின் பக்கவாட்டில் பெருக்கல் குறி போட்டார்கள். மறுநாள் ஃபைல்களைச் சாக்கில் கட்டினார்கள். புளியங்குடிப் பக்கமிருந்து வந்த பழைய சாக்குகள், ஹால் முழுக்க எலுமிச்சை வாடை அடித்தது. ஜூன் முதல் ஆலங்குளம் என்று ஆர்டர் கையில் வந்தது. சுகிர்தம் ஃபோனில் அழுதாள். அழுதுவிட்டு, நாற்காலியை ஸ்டோரில் இருந்து வந்த புதுப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். கேபினட்டை நாலு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக, புதிதாக, நிறம் மாறாமல் இருந்தது. சங்கரேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கேட்க ஆள் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே அழுதாள்.

அடுத்த ஞாயிறு போகக் கூடாது என்றுதான் இருந்தாள். துணி துவைத்தாள். வீட்டைப் பெருக்கினாள். பெருக்கிய வீட்டை மறுபடி பெருக்கினாள். அப்புறம் சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

வெயில் சாய்ந்திருந்தது. ராபியா கேட்டுக்கு வெளியிலேயே வந்து நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் சடாரென்று உள்ளே போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மேசையில் ஒரு தட்டு. தட்டில் கழுவித் துடைத்த இரண்டு வீல்கள்.

"சாவி கெடச்சிட்டு" என்றாள் ராபியா. "நானே கழட்டி வச்சிட்டேன். இனி உன் வேலை முடிஞ்சுது."

"கேபினட்டக் கொண்டு போயிட்டாவக்கா."

"எப்ப?"

"புதங்கெழம. செவ்வாக்கெழம வந்து பாத்தாவ, ஒரு டிராயரு ஓடல்ல. கண்டம்னு எழுதிட்டாவ."

ராபியா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள்.

"போன ஞாயித்துக்கெழமயே தெரியுமா உனக்கு, செவ்வாக்கெழம வாராவன்னு?"

"தெரியும்."

"சாவி..."

"அதுவும் தெரியும்க்கா."

ராபியா முக்காட்டு நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே ஏதோ குரங்கு தகரக் கூரையில் குதித்து ஓடியது. சத்தம் அடங்கியதும் அவள் கேட்டாள்.

"அப்ப இன்னிக்கி என்னத்துக்கு வந்த?"

சங்கரேஸ்வரி கைப்பையைத் திறந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். தட்டிலிருந்த வீல்களையும் எடுத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே போய்த் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து ராபியாவும் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஒருத்தி சேனலைப் பிடிக்க, ஒருத்தி திருகினாள். திருகாணி இரண்டு தரம் நழுவி உருண்டது. இரண்டு தரமும் ராபியாதான் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"ஆலங்குளத்துக்கு இங்கனயிருந்து நேர் பஸ்ஸு உண்டுமா?"

"தென்காசில எறங்கி மாறி ஏறணும்."

"ரெண்டு பஸ்ஸா?"

"ரெண்டு பஸ்ஸுதான்க்கா."

ராபியா தலையை ஆட்டிக்கொண்டாள். இருவருமாகத் தூக்கி டிராயரைச் சேனலில் ஏற்றினார்கள். உள்ளே ஒரு சாமானும் இல்லை. ராபியா ஒற்றை விரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் உள்ளே ஓடி, பின்பக்கத் தகட்டில் லேசாக இடித்து, அது தானாகவே ஒரு சாண் திறந்துகொண்டு நின்றது.